'ஓர் வலை', 'ஒரு இறால்': மாதிரிக் கடிதத்தில் ஒரு, ஓர் இடம் மாறினால் எங்கே பார்ப்பது

மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குத்தான் ஓய்வு, என் கடைக்கு இல்லை. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். எஞ்சின் இறக்குவது, பலகை மாற்றுவது, புது வலைக்குக் கடன் கேட்பது எல்லாம் அப்போதுதான். ஆளாளுக்கு மனு, உறுதிமொழி, ஒப்பந்தம். பாம்பன் ரோட்டோரம் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் வைத்திருக்கிற எனக்கு அதுதான் சீசன்.

இப்படி ஒரு சீசனில் மீனவர் சங்கம் ஒன்றுக்கு நூற்றுச் சொச்சம் கடிதம் அடிக்க வேண்டியிருந்தது. கடிதம் ஒன்றே, உறுப்பினர் பெயர், ஊர், வாங்கப்போகும் பொருள் மட்டும் மாறும். எக்செலில் பட்டியல் போட்டு, வேர்டில் மாதிரிக் கடிதத்தை வைத்து, மெயில் மெர்ஜ் ஓட்டிவிட்டேன். "ஒரு இறால் வலை வாங்க", "ஒரு ஐஸ் பெட்டி வாங்க" என்று வந்தது. சங்கச் செயலாளர் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். நான் அவசரத்தில் மாதிரிக் கடிதத்தில் இருந்த 'ஒரு'வை எடுத்துவிட்டு 'ஓர்' போட்டு மறுபடி அடித்தேன். "ஓர் வலை", "ஓர் வத்தை" (வத்தை ஒருவகை நாட்டுப்படகு), "ஓர் நண்டு வலை". அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தம்பி, காலையில பாதி தப்பு. இப்ப மீதிப் பாதி தப்பு."

அன்றிலிருந்து சேர்த்து வைத்த குறிப்பு இது. உங்கள் கடிதத்தில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன்.

விதி சின்னது. அடுத்து வரும் சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் ஓர். உயிர்மெய்யில் தொடங்கினால் ஒரு. ஓர் இறால், ஓர் எஞ்சின். ஒரு வலை, ஒரு படகு. இப்போது பலர் எல்லா இடத்திலும் ஒரு என்றே எழுதுகிறார்கள், அதற்காக யாரும் கையைப் பிடிப்பதில்லை. ஆனால் ஓர் என்று போட்டுவிட்டு அடுத்து வலை வந்தால் கண்ணில் குத்தும். அதனால் முழுக்கச் செய்யுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரு என்றே விட்டுவிடுங்கள். அரைகுறையாகச் செய்வதுதான் மோசம்.

நாம் இந்த விதியைக் காதால் செய்கிறோம். கம்ப்யூட்டருக்குக் காது கிடையாது. முதல் எழுத்துக்கு உள்ளே இருக்கும் எண்ணைப் பார்த்துச் செய்கிறது. கீழே வரும் கோளாறுகள் பெரும்பாலும் காதுக்கும் அந்த எண்ணுக்கும் நடுவில் பிறப்பவை.

நான் செய்யும் முறை: வேர்டுக்குள் இஃப் என்ற நிபந்தனை எழுதுவதில்லை. எழுதலாம், ஆனால் பன்னிரண்டு உயிருக்கும் அடுக்கடுக்காக நிபந்தனை போட்டு, பிழை வந்தால் எந்த அடுக்கில் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். எக்செல் பட்டியலிலேயே பொருள் நெடுவரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை. அதில் லெஃப்ட் கொண்டு பொருளின் முதல் எழுத்தை எடுக்கிறேன். ஃபைண்ட் கொண்டு அந்த எழுத்தை 'அஆஇஈஉஊஎஏஐஒஓஔ' என்ற சரத்துக்குள் தேடுகிறேன். கிடைத்ததா என்று இஸ்நம்பர் சொல்லும். கிடைத்தால் ஓர், இல்லாவிட்டால் ஒரு என்று இஃப் முடித்துவைக்கும். மாதிரிக் கடிதத்தில் இந்த நெடுவரிசை முதலில், பொருள் அடுத்து. அவ்வளவுதான்.

மொத்தமாக ஓட்டுவதற்கு முன் ஐந்து வரி சோதனை வையுங்கள்: இறால் வலை, வத்தை, ஃபைபர் படகு, 8 மீட்டர் கயிறு, ஒரு காலிக் கட்டம். இந்த ஐந்தும் சரியாக வந்தால் பெரும்பாலும் மிச்சமும் வரும்.

எல்லா வரியிலும் 'ஒரு' மட்டும்தான் வருகிறது

முதல் சந்தேகம் கோட் என்ற ஃபங்ஷன்மேல். யாரோ எழுதிய ஃபார்முலாவை நகலெடுத்தால் அதில் இது இருக்க வாய்ப்பு உண்டு. அது யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறை) முந்தைய காலத்து ஆள். சாதாரண விண்டோஸ் எக்செலில் தமிழ் எழுத்தைக் காட்டினால் விழித்துவிட்டு 63 என்று சொல்லும். 63 என்பது கேள்விக்குறியின் எண். இறாலுக்கும் 63, வலைக்கும் 63, அப்புறம் எப்படிப் பிரிப்பது? கோடுக்குப் பதிலாக யூனிகோட் என்ற ஃபங்ஷனைப் போடுங்கள். எக்செல் 2013-இலிருந்து இருக்கிறது, லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் உண்டு. அதன்படி அ 2949, இ 2951, ஔ 2964. முதல் எழுத்தின் எண் 2949 முதல் 2964 வரை இருந்தால் உயிர். இடையில் சில எண்களுக்கு எழுத்து ஒதுக்கப்படவில்லை, அதனால் பாதகமில்லை. க 2965-இல் தொடங்குகிறது. எக்செல் அதைவிடப் பழையது என்றால் மேலே சொன்ன ஃபைண்ட் முறைதான். அது எதிலும் ஓடும்.

அதுவும் சரியாக இருந்து, இன்னும் 'ஒரு'வாகவே கொட்டினால், பட்டியல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கடைக்கு வரும் பழைய ஃபைல்களில் இதுதான் பாதி. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் தட்டிய உறுப்பினர் பட்டியலை யார் மறுபடி தட்டுவார்கள்? பெயரை மட்டும் சேர்த்துச் சேர்த்து அதே ஃபைல் ஓடிக்கொண்டிருக்கும். பாமினி திரையில் தமிழாகத் தெரியும். ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும்தான். கட்டத்தின் எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள், சாயம் வெளுத்துவிடும். பாமினியில் அ என்பது சிறிய எம். இ என்பது காற்புள்ளி. ஆமாம், வெறும் கமா. இறால், இயந்திரம், இராமேசுவரம் மூன்றுமே கமாவில் தொடங்கும் சொற்கள். அந்தப் பட்டியலை யாராவது நோட்பேடில் ஒட்டி, கமாவால் பிரித்த ஃபைலாகச் சேமித்து, அதை எக்செலில் திறந்தால் இகரம் வந்த இடத்திலெல்லாம் சொல் உடைந்து பக்கத்துக் கட்டத்துக்குத் தாவிவிடும். ஊர் இருக்க வேண்டிய இடத்தில் பாதிப் பெயர் நிற்கும். இதைப் பார்த்துவிட்டு வைரஸ் என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம், கொம்பு. யூனிகோடில் 'கே' என்றால் உள்ளே முதலில் க, பிறகுதான் கொம்பு. திரையில்தான் கொம்பு முன்னால் தெரியும். பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இருக்கும், கொம்பு முதலில். ஆகவே பாமினிக்கென்று தனி ஃபார்முலா எழுதிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். எழுத்துரு மாற்றி ஒன்றைக் கொண்டு முழுப் பட்டியலையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு தொடங்குங்கள். மாற்றிய பிறகு பெயர்களை ஒரு தடவை கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

சில வரிகளில் மட்டும் தவறு, திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது

"இறால் வலை" என்றுதான் கட்டத்தில் இருக்கிறது, ஆனாலும் 'ஒரு' வருகிறது. கட்டத்தைத் திட்டாமல் அதன் முதல் எழுத்து என்ன எண் என்று யூனிகோட் ஃபங்ஷனைக் கேளுங்கள். 2951 வர வேண்டிய இடத்தில் வேறு எது வருகிறது என்பதே நோயைச் சொல்லிவிடும்.

32 என்றால் முன்னால் சாதாரண இடைவெளி. ட்ரிம் போட்டால் போய்விடும். 160 என்றால் அதுவும் இடைவெளிதான், ஆனால் இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த உடையா இடைவெளி. ட்ரிம் அதைத் தொடாது. 8203, 8204, 65279 போன்ற எண்கள் வந்தால் கண்ணுக்கே தெரியாத குறிகள். க்ளீன் என்ற ஃபங்ஷன் இவற்றை எடுக்கும் என்று நம்பி நான் ஓர் இரவை வீணாக்கியிருக்கிறேன். அது 0 முதல் 31 வரையுள்ள பழைய குறிகளைத்தான் எடுக்கும். இவற்றுக்குச் சப்ஸ்டிட்யூட்தான் வழி: நீக்க வேண்டிய எண்ணை யூனிசார் என்ற ஃபங்ஷனுக்குள் கொடுத்து, அதற்குப் பதில் வெறுமை என்று சொல்லிவிட வேண்டும்.

8220 வந்தால் சாய்ந்த மேற்கோள் குறி. படகுப் பெயரையோ கடைப் பெயரையோ மேற்கோளுக்குள் எழுதும் வழக்கம் நமக்கு உண்டு. முதல் எழுத்தைப் பார்க்கும் முன் மேற்கோளைக் கழற்றிவிடுங்கள், கடிதத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

அபூர்வமாக 3054 வரும். அது அ இல்லை, தமிழ் எண் எட்டு, ௮. பழைய காகிதத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றிய பட்டியலில் இது நேரும். ௭-க்கும் எ-க்கும் இதே கதைதான். கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது.

ஃபைபர் படகுக்கு 'ஓர்' வருகிறது

பள்ளிக்கூட அட்டையில் அ முதல் ஔ வரை இருக்கும், கடைசியில் ஃ உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து உயிர் வரிசையைத் தட்டியவர் ஆய்தத்தையும் சேர்த்துவிட்டார். ஃபைபர், ஃபேன், ஃபிரிட்ஜ் இவற்றில் ஃ வெறும் உச்சரிப்புத் துணை, ஒலி மெய்தான். ஒரு ஃபைபர் படகு. சரத்திலிருந்து ஃ-ஐ எடுத்துவிடுங்கள்.

பொருளே இல்லாத வரியில் 'ஓர்' தனியாகத் தொங்குகிறது

கட்டம் காலி என்றால் லெஃப்ட் தருவது வெறுமை. எக்செலில் வெறுமையைத் தேடச் சொன்னால் ஃபைண்ட் முதல் இடத்திலேயே கிடைத்துவிட்டது என்று 1 சொல்லும். அதனால்தான் ஓர். யூனிகோட் முறை வைத்திருந்தால் இதே இடத்தில் வேல்யூ பிழை வந்து, அது அப்படியே கடிதத்திலும் அச்சாகும். வங்கி மானேஜர் மேசைக்குப் போன பிறகு தெரிந்தால் மானம் போகும். எல்லாவற்றுக்கும் முன்னால் 'கட்டம் காலி என்றால் வெறுமை' என்று ஓர் இஃப் வையுங்கள்.

பட்டியலில் சரி, கடிதத்தில் தவறு

எக்செலைச் சேமித்தீர்களா? திரையில் நீங்கள் திருத்தியதை வேர்டு பார்ப்பதில்லை, சேமித்த ஃபைலைத்தான் பார்க்கிறது. சேமித்து, மூடி, மறுபடி இணைத்துப் பாருங்கள்.

அது இல்லையென்றால் நடுவில் ஒரு சொல் புகுந்திருக்கிறது. எனக்கு நடந்தது இப்படி: ஒப்பந்தத்தில் 'ஓர்', அடுத்துப் 'பழைய', அடுத்துப் பொருள். பழைய என்பதைச் செயலாளர் கடைசி நேரத்தில் சேர்க்கச் சொன்னார், நானும் மாதிரிக் கடிதத்தில் தட்டிவிட்டேன். ஃபார்முலா பார்த்தது இறாலை, கடிதத்தில் பக்கத்தில் நின்றது பழைய. "ஓர் பழைய இறால் வலை." அப்புறம் நிலை என்று தனி நெடுவரிசை வைத்தேன்; சிலருக்குப் பழைய, சிலருக்குப் புதிய, சிலருக்குக் காலி. இப்போது முதலில் நிலையையும் பொருளையும் ஒட்டி ஒரே தொடராக்கி, ட்ரிம் செய்து, அந்தத் தொடரின் முதல் எழுத்தைத்தான் பார்க்கிறேன். மாதிரிக் கடிதத்தில் ஓர், ஒரு வரும் இடத்துக்கும் இந்தத் தொடருக்கும் நடுவே எதையும் தட்டுவதில்லை.

ஒரே ஊருக்கு ஒரு கடிதத்தில் 'ஓர்', இன்னொன்றில் 'ஒரு'

இது நம் மாவட்டத்துக்கென்றே பிறந்த கோளாறு. இராமநாதபுரம் என்று எழுதினால் இ. ராமநாதபுரம் என்று எழுதினால் ரா. "ஓர் இராமநாதபுரம் முண்டு மிளகாய் மூட்டை", "ஒரு ராமநாதபுரம் முண்டு மிளகாய் மூட்டை". இரண்டும் சரி. ஒரே கடிதக் கட்டில் இரண்டும் வந்தால்தான் அசிங்கம். இராமேசுவரம், ராமேஸ்வரம் அதே மாதிரி. ஆர்.எஸ். மங்கலம் என்றால் ஆ. ராஜசிங்கமங்கலம் என்று விரித்தால் ரா. எஸ்.பி. பட்டினம் எ, சுந்தரபாண்டியன்பட்டினம் சு. வங்கிக் கடிதத்தில் லட்சம், இலட்சம். கடற்கரையில் வாயால் சொல்வது ரால், எழுதுவது இறால்.

ஃபார்முலா குற்றவாளி இல்லை. யாருக்கு எந்த எழுத்து பிடிக்குமோ அப்படித் தட்டியிருக்கிறார்கள். ஊர்ப் பெயர்களுக்கு ஒரு தனிச் சீட்டு வைத்து, டேட்டா வாலிடேஷன் மூலம் அதிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பூட்டிவிடுங்கள். எனக்கு அரசுக் காகிதத்தில் இ வைத்து எழுதுவது பிடிக்கும். உங்களுக்கு எது பிடித்தாலும் ஒன்றிலேயே நில்லுங்கள்.

எண் முன்னால் வந்தால் குழம்புகிறது

8 மீட்டர் கயிறு. கம்ப்யூட்டர் பார்ப்பது 8 என்ற இலக்கம், அது உயிரும் இல்லை, மெய்யும் இல்லை, ஆகவே 'ஒரு'. நாம் படிப்பது எட்டு; ஆகவே ஓர். அப்படியானால் முதல் இலக்கத்தைப் பார்த்து முடிவு செய்யலாமா? முடியாது. 9 ஒன்பது, உயிர். 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், இரண்டும் மெய். 9,000 ஒன்பதாயிரம், மறுபடி உயிர். 1 உயிர், 10 முதல் 19 வரை பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று எல்லாமே பகரம், 100 நூறு, 1,000 ஆயிரம், உயிர். 3, 30, 300 எப்போதும் மு அல்லது மூ. 4-க்கு நா. 5, 6, 7, 8 தனியாக நின்றாலும் பத்தானாலும் நூறானாலும் உயிர்தான். அட்டவணையாகப் போட்டு, விலுக்கப் என்ற ஃபங்ஷனால் அதில் தேடிச் செய்யலாம், ஒரு தடவை செய்தும் பார்த்தேன். ஆனால் "ஓர் 8 மீட்டர் கயிறு" என்பதே நல்ல தமிழா? யாரும் கடையில் போய் அப்படிக் கேட்பதில்லை. இதற்கு வழி கடைசித் தலைப்பில் இருக்கிறது.

எண்ணிக்கை நெடுவரிசை இருந்தால் இன்னொரு வேடிக்கை: "ஒரு 3 வலை". எண்ணிக்கை 1-ஆ என்று முதலில் கேட்டுவிட்டு, இல்லையென்றால் எண்ணை மட்டும் அச்சடிக்கச் சொல்லுங்கள். ஐஸ், டீசல் போன்றவற்றுக்கு ஒரு, ஓர் இரண்டும் வேண்டாம். கிலோ, லிட்டர் போதும்.

ஆங்கிலக் கடிதத்தில் 'ஏ', 'ஆன்' மாறி வருகிறது

ஏற்றுமதிக் கம்பெனிக்கும் சில வங்கிகளுக்கும் ஆங்கிலத்தில் போக வேண்டும். அங்கேயும் இதே மாதிரி விதிதான், ஆனால் எழுத்தைப் பார்த்து இல்லை, ஒலியைப் பார்த்து. இதனால் ஆங்கிலத்துக்கு முதல் எழுத்து ஃபார்முலா தமிழைவிட மோசமாக ஏமாற்றும். யூனியன் என்ற சொல் ஆங்கிலத்தில் 'யு' என்ற உயிரெழுத்தில் தொடங்குகிறது, ஆனால் ஏ யூனியன். எஃப்.ஆர்.பி. படகு மெய்யெழுத்தில் தொடங்குகிறது, ஆனால் ஆன் எஃப்.ஆர்.பி. போட். அதையே விரித்து ஃபைபர் என்று எழுதினால் ஏ ஃபைபர் போட்.

இங்கே தமிழ் கைகொடுக்கிறது. பட்டியலில் 'உச்சரிப்பு' என்று ஒரு நெடுவரிசை வைத்து, அந்த ஆங்கிலச் சொல்லின் முதல் சொல்லை மட்டும் தமிழில் தட்டுங்கள். யூனியன், யு.பி.ஐ.: யகரம், ஆகவே ஏ. எம்.எல்.ஏ., என்.ஓ.சி., எஸ்.எச்.ஜி.: எகரம், ஆகவே ஆன். நபார்டு என்பது என் என்ற எழுத்தில் தொடங்கினாலும் நாம் சொல்வது நபார்டு, ஏ. சி.எம்.எஃப்.ஆர்.ஐ. (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்) சகரம், ஏ. ஏற்கெனவே எழுதிய அதே தமிழ் ஃபார்முலாவை இந்த நெடுவரிசைமேல் ஓட்டி, ஓர் வந்த இடத்தில் ஆன், ஒரு வந்த இடத்தில் ஏ. எனக்குத் தெரிந்து இதைவிடச் சுலபமான வழி இல்லை. பைத்தான் தெரிந்தவர்களுக்கு இன்ஃப்ளெக்ட் என்ற நூலகம் ஏ, ஆன் தேர்ந்து தரும். ஜெராக்ஸ் கடையில் அதற்கு எங்கே போவது?

இந்தத் தந்திரம் தோற்கும் இடங்கள் சில உண்டு. ஒய் என்ற எழுத்து தமிழில் ஒகரம், ஆங்கில ஒலி வகரம். இசட் நமக்கு இகரம், அவர்களுக்கு இல்லை. ஒன் என்று நாம் எழுதுவதும் அங்கே வகர ஒலிதான்: ஏ ஒன்-டே பெர்மிட். இந்த மூன்றுக்கும் ஏ. ஹவர், ஹானஸ்ட் இரண்டும் நேர் எதிர். நாம் ஹ போட்டு எழுதினாலும் அந்த ஒலி அங்கே இல்லை, ஆகவே ஆன். எச்.பி. (குதிரைத்திறன்) என்பதை நம் ஊரில் பலர் ஹெச்.பி. என்று சொல்லி அப்படியே தட்டுவார்கள். கடிதத்துக்கு எச் என்றே வைத்து ஆன் போடுங்கள். அதனால் உச்சரிப்பு நெடுவரிசையை ஒரு தடவை நான் கையால் பார்த்துவிடுவேன்.

ஆங்கிலத்தில் எண் இன்னும் விசித்திரம். 8-இல் தொடங்கும் எதுவும் ஆன்: 8, 80, 800, 8,000. அப்புறம் 11, 18 இரண்டும் ஆன். 10 எச்.பி. எஞ்சினுக்கு ஏ, 8 எச்.பி., 18 எச்.பி. இரண்டுக்கும் ஆன். 110-க்கும் 180-க்கும் ஏ, ஏனென்றால் படிப்பது ஒன் ஹண்ட்ரட். 11,000-க்கும் 18,000-க்கும் ஆன். லட்சத்தில்தான் நம்மூர்ச் சிக்கல்: 11,00,000 என்பதை நாம் லெவன் லாக் என்று படிக்கிறோம், ஆன். அதையே வெளிநாட்டு முறையில் 1,100,000 என்று எழுதினால் ஒன் மில்லியன் என்று தொடங்கும், ஏ. தொகை ஒன்று, கமா நின்ற இடம் வேறு. வங்கிக் கடிதத்துக்கு நம் கமாவையே வையுங்கள். ஆண்டிலும் பாருங்கள்: தனுஷ்கோடியை அழித்த புயல் வந்த 1964-ஐத் தமிழில் ஆயிரத்து என்று உயிரில் தொடங்குகிறோம், ஆங்கிலத்தில் நைன்டீன் என்று மெய்யில்.

வாக்கியத் தொடக்கத்தில் வந்தால் பெரிய எழுத்து வேண்டும். ப்ராப்பர் ஃபங்ஷன் பார்த்துக்கொள்ளும்.

இலக்கணம் சரி, ஆனால் படிக்க நன்றாக இல்லை

எல்லாம் சரிசெய்த பிறகும் செயலாளர் ஒரு வட்டம் போட்டார். மீன் அனுப்பிய சீட்டு ஒன்றில் "ஓர் ஓரா மீன் பெட்டி" என்று வந்திருந்தது. விதிப்படி அட்சரம் பிசகவில்லை. "சரிதான் தம்பி, ஆனா வாயில வரலையே. ஓரா மீன் பெட்டி ஒண்ணுன்னு போட்டா என்ன?"

அந்த ஒரு கேள்வியில் என் ஃபார்முலாவில் முக்கால்வாசி வேலை இல்லாமல் போனது.

ஒன்று என்பதைப் பெயருக்குப் பின்னால் வைத்தால் அடுத்த சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்ற கேள்வியே எழாது. இறால் வலை ஒன்று, வத்தை ஒன்று, ஃபைபர் படகு ஒன்று, 8 மீட்டர் கயிறு ஒன்று. முன்னால் பழைய வந்தாலும் சரி, இராமநாதபுரம் வந்தாலும் சரி. அதோடு இன்னொரு பெரிய தொல்லையும் தீர்ந்தது. 'வாங்கினார்' என்று முடியும் கடிதத்தில் பொருளுக்கு ஐ உருபு சேர்க்க வேண்டும்: வலையை, படகை, வல்லத்தை, கயிற்றை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி மாறும், அதை ஃபார்முலாவில் அடக்க முயன்று நான் கைவிட்டிருந்தேன். இப்போது உருபு 'ஒன்று' மேல்தான் ஏறும்: வல்லம் ஒன்றை, கயிறு ஒன்றை, எஞ்சின் ஒன்றுக்கு. மாதிரிக் கடிதத்தில் அதை அப்படியே தட்டிவிடலாம். பொருளைப் பட்டியலிலிருந்து தொடாமல் இறக்கலாம். ஆட்களுக்கு ஒருவர்: உறுப்பினர் ஒருவருக்கு, ஓட்டுநர் ஒருவரை. ஆளும் பொருளும் கலந்த பட்டியல் என்றால் எது எது என்று ஒரு நெடுவரிசை வேண்டும்.

இன்னும் ஒரு படி போய், அந்த ஒன்றாவது தேவையா என்று பாருங்கள். "அவர் ஒரு மீனவர்" என்று ஆங்கில மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதியிருப்பார்கள். "அவர் மீனவர்" போதும். ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும் முழுப் பதிவெண் போட்ட படகு உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அதன் முன்னால் ஒரு எதற்கு? என் பழைய ஒப்பந்த மாதிரியில் பதினோரு இடத்தில் ஒரு இருந்தது. எட்டை அடித்துவிட்டேன், பொருள் ஒன்றும் குறையவில்லை.

பின்னால் வைக்க முடியாத இடம் காலக்கெடு. "ஓர் ஆண்டுக்குள்", "ஒரு மாதத்துக்குள்", "ஒரு வாரத்துக்குள்" என்று கெடுவும் பட்டியலிலிருந்து வந்தால், ஆண்டு ஒன்றுக்குள் என்று திருப்பினால் யாருக்கும் புரியாது. அதற்காகப் பழைய ஃபார்முலா நெடுவரிசையை அழிக்காமல் ஓரத்தில் வைத்திருக்கிறேன்.